கடல் கடந்த மொழி

மடகாஸ்கர்த் தீவு எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டால், ஆபிரிக்கா என்று எவரும் தயங்காது விடை கூறுவர். கல்லூரி நாட்களில் நாமும் ஆபிரிக்காவுக்குத் தீட்டிய வர்ணத்தையே அத்தீவுக்கும் தீட்டினோம். ஆபிரிக்கக் கரைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர்க் கடலே கிடக்கின்றது. ஆயினும் அத்தீவார் பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய உறவு, 6,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள போர்னியோத் தீவிலேதான் உள்ளது!

போர்னியோவின் தென்பகுதியில் பரித்தோ ஆற்றையடுத்து வாழ்வோர் பேசும் மான்யான் மொழியே மலகாசிக்கு மிக அணித்தான இனமொழியென்பதை, நோர்வே நாட்டு அறிஞர் ஓட்டோ தால் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். மூன்று என்னும் எண்ணை யாவகத்தாரும் தெலு என்பர். மலகாசியாரும் தெலு என்பர். மலாயர் ஐந்தை லிமா என்ன, இவர்கள் டிமி என்பர்.

போர்னியோவிலிருந்து புறப்பட்டோர் தனித்து வாழ்ந்தனரோ? இல்லை. நாய்க்கு மலகாசியார் வழங்கும் பெயர் அம்புவா. அது கிழக்காபிரிக்கச் சுவாகிலி மொழியின் ம்புவா என்னும் சொல்லோடு தொடர்புடையது. மாடு, ஆடு, கோழி முதலியவற்றின் பெயர்களும் ஆபிரிக்க வழி வந்தவையே. கிழமைப் பெயர்களோ அரபு மொழியின; செவ்வாய்க்கிழமையைத் தலாத்தா என்பர். மந்தை வளர்ப்பை எவரிடம் கற்றனர், நாட்கணக்கை எவரிடம் பெற்றனர் என்பதைச் சொற்களே சாட்சி கூறுகின்றன. மரபணு ஆராய்ச்சியும் இதற்கு மாறாகவில்லை. இத்தீவாரின் முன்னோரில் போர்னியோவாரும் கிழக்காபிரிக்கரும் ஏறத்தாழச் சமபங்கினர் என 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, மொழி ஒன்றாயிருப்பதனால் இரத்தமும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பது பொருந்தாது.

இனி, நிலத்தின் ஆட்சியை நோக்குவோம். நடுமேட்டு நிலத்தில் வாழும் மெரினா மக்களும் பெற்சிலேயோ மக்களும் வயலமைத்து நெல் விளைப்பவர். மழை குன்றிய தென்பகுதியில் வாழும் அந்தந்துரோய் மக்களுக்கு மாட்டு மந்தையே செல்வம். மேற்குக் கரையின் வேசோ மக்கள், பக்க மிதவை பூட்டிய தோணிகளில் மீன்பிடித்து வாழ்வர். அத்தோணியமைப்புத் தென்கிழக்காசியாவிலிருந்து வந்த முதுசம். வயலும் மந்தையும் கடலும் வாழ்க்கையை மூன்றாக வகுத்தன. மொழியோ, வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலியும் சொல்லும் வேறுபட்டபோதிலும், தீவெங்கும் ஒன்றாகவே நிலைத்தது.

எழுத்தின் வரலாறும் இத்தகையதே. தென்கிழக்குக் கரையார் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதிவந்தனர். மெரினா மன்னன் முதலாம் இரதாமா 1823ஆம் ஆண்டில் உரோம எழுத்தை ஏற்றான்; உயிரொலிகளைப் பிரெஞ்சு முறைப்படியும் மெய்யொலிகளை ஆங்கில முறைப்படியும் எழுதுக என்றான். 1835ஆம் ஆண்டில் விவிலியம் முழுவதும் மலகாசியில் அச்சேறிற்று. எழுத்து அயலாருடையதாயினும் மொழி அழிந்துபோகவில்லை, வளமே பெற்றது.

ஆயினும் ஒரு மொழி இருந்துவிட்டால் ஒற்றுமை தானே வந்துவிடுமோ? 1896ஆம் ஆண்டில் பிரான்சு கைப்பற்றிய அந்நாடு 1960ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்றது. 1972ஆம் ஆண்டில் மாணவர் கிளர்ச்சியால் ஆட்சி மாறியபின், பிரெஞ்சு மொழிக்குப் பதிலாக மலகாசியைப் போதனாமொழியாக்கும் முயற்சி எழுந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் பாடநூல் மொழி மெரினா வழக்கைத் தழுவியதாயிருக்க, அது மேட்டு நிலத்தாரின் ஆதிக்கமென்று கரையோரத்தார் ஐயுற்று எதிர்த்தனர். அயல்மொழியை எதிர்க்க ஒன்றுகூடியோர், தம் மொழியின் எவ்வழக்குச் சிறந்தது என்ற வினாவில் பிளவுபட்டனர்.

இளைஞராகிய நாம் இவ்வரலாற்றிற் கற்பது யாது? அண்மையிலிருப்போர் யாவரும் ஓரினத்தாரல்லர்; தொலைவிலிருப்போர் யாவரும் அந்நியருமல்லர். கடன்கொண்ட சொல்லினால் மொழி கெடுவதுமில்லை. ஒரு மொழியைப் பேசுவோருள் ஒரு சாராரின் வழக்கே உயர்ந்தது, மற்றையோரின் வழக்கு இழிந்தது என்று எண்ணத் தொடங்கும்போதுதான் கேடு விளைகின்றது. தாய்மொழியைக் காக்கப் புறப்படுவோர், அம்மொழியைத் தம்மினும் வேறாகப் பேசும் உடன்பிறந்தாரின் நாவையும் மதிக்கக் கற்றல் வேண்டும். கடலைக் கடந்த மொழிக்கு, அக்கடலினும் அரிய தடை அதுவே.