பள்ளி மாறும்போது மொழியும் உடன் வரவேண்டும்

காது கேளாத பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறும்போது என்னவெல்லாம் மாறுகிறது? சீருடை மாறும், ஆசிரியர் மாறுவார். சில வேளைகளில் பிள்ளை பேசும் மொழியே மாறிவிடும். சிங்கப்பூரின் அனுபவம் இதை நன்றாகவே எடுத்துக்காட்டுகிறது.

1954இல் இங்கு காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சீனப் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பெங் சு யிங். ஷங்ஹாயில் பிறந்த அவர், சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். ஷங்ஹாய் சைகை மொழியில்தான் அங்கு பாடம் நடந்தது. ஈராண்டு கழித்து, 1956இல் கனோசியன் பள்ளி தோன்றியது. அது வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. பிள்ளைகள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வாய்விட்டுப் பேசப் பழக வேண்டும் என்பது அதன் கொள்கை.

1963இல் பெங்கின் பள்ளியும் வாய்மொழி முறையில் கற்பித்த மற்றொரு பள்ளியும் இணைந்து, மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர் காதுகேளாதோர் பள்ளி உருவானது. ஒரே வளாகத்தில் இரண்டு முறைகள். 1970களின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட சைகை முறை புகுந்தது. ஒரே வீட்டில் அண்ணன் கற்ற சைகை ஒன்றாகவும் தம்பி கற்ற சைகை வேறாகவும் இருக்கக்கூடிய நிலை ஏற்பட்டது.

பிறகு மருத்துவமும் தொழில்நுட்பமும் வளர்ந்தன. செவிக்கருவிகளும் உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் வந்ததால், பல பிள்ளைகள் நேரடியாக வழக்கமான பள்ளிகளில் சேர்ந்தனர். சிறப்புப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2017இல் சிங்கப்பூர் காதுகேளாதோர் பள்ளி மூடப்பட்டது.

கருவி உதவாத, சைகையை நம்பியிருந்த பிள்ளைகள் எங்கே போவது? அவர்களை ஆளுக்கொரு பள்ளியாகப் பிரித்து அனுப்பியிருந்தால், ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு நடுவே பேச்சுத் துணையின்றித் தனித்திருப்பர். அந்தத் தவறு நடக்கவில்லை. 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளி இவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. சைகை தெரிந்த ஆசிரியர்கள் அங்கே பணியாற்றினர். காது கேட்கும் மாணவர்களும் சைகை கற்றனர்.

சட்டம் இந்த மாற்றத்திற்குச் சற்றுப் பின்னால்தான் வந்தது. 2000இல் நிறைவேறி 2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து, சிறப்புக் கல்விப் பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவர்களும் சேர்க்கப்படுவர் என 2016இல் அறிவிக்கப்பட்டு, 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அது நடைமுறையானது. விலக்கு என்பது சலுகை போலத் தோன்றினாலும், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால் கேட்பாரில்லை என்பதே அதன் மறுபக்கம்.

இன்று பள்ளி மாற்றத்தைப் பற்றி யோசிக்கும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, "இடம் கிடைக்குமா?" என்ற கேள்வியைத்தான். கடந்தகால அனுபவம் வேறு இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்கிறது. அங்கே பிள்ளையின் மொழி தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா? ஓய்வு நேரத்தில் பேசிச் சிரிக்க ஒரு தோழன் இருப்பானா? இவ்விரண்டுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைத்தால், பிள்ளை தயங்காமல் அந்த வாசலில் காலெடுத்து வைப்பான்.