கணினி விளையாட்டுப் பட்டப்படிப்பு

கணினி விளையாட்டுப் பட்டப்படிப்பு என்பது கணினி விளையாட்டுகளை வடிவமைத்தல், நிரலாக்கம் செய்தல் ஆகியவற்றைத் தனித்துறையாகக் கொண்டு வழங்கப்படும் உயர்கல்விப் பட்டமாகும். கணினியியலின் குறுகிய கிளை ஒன்றிற்குத் தனிப்பட்டம் தேவையா என்னும் விவாதத்திற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்ட்டே பல்கலைக்கழகம் 1997 இல் இத்தகைய பட்டப்படிப்பைத் தொடங்கியது. லெம்மிங்ஸ் (1991), கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (1997) ஆகிய விளையாட்டுகளை உருவாக்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனமும் அந்நகரிலேயே இயங்கியது. அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் டிஜிபென் தொழில்நுட்பக் கழகம் 1998 இல் வகுப்புகளைத் தொடங்கியது.

பாடங்கள்

நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, நேரியல் இயற்கணிதம், இயற்பியல், கணினி வரைகலை, செயற்கை நுண்ணறிவு ஆகியன முதன்மையானவை. முப்பரிமாணப் பொருளொன்றைத் திரையில் சுழற்றத் திசையன்களும் அணிகளும் பயன்படுகின்றன. நொடிக்கு 60 படங்கள் காட்டவேண்டுமெனில், ஒரு படத்திற்கான கணிப்பு அனைத்தும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடியவேண்டும். எனவே விளையாட்டு நிரலாக்கம் பொதுக் கணினியியல் அடிப்படைகளைச் சார்ந்தே உள்ளது.

ஆதரவுக் கருத்துகள்

மாணவர் குழுவாகச் சேர்ந்து முழுமையான விளையாட்டொன்றை உருவாக்கும் வாய்ப்பு இப்படிப்பின் சிறப்பாகக் கருதப்படுகிறது. டிஜிபென் மாணவர்கள் 2005 இல் உருவாக்கிய நர்பாக்குலர் டிராப் என்னும் விளையாட்டைக் கண்ட வால்வ் நிறுவனம் அக்குழுவினரைப் பணியில் அமர்த்தியது. அதன் கருத்தைத் தழுவியே போர்ட்டல் (2007) உருவானது.

எதிர்க் கருத்துகள்

கருவிகள் விரைவில் வழக்கொழிவதால், அவற்றை மட்டும் கற்றவரின் திறனும் பயனிழக்கக்கூடும் என்பது முதன்மையான எதிர்வாதமாகும். உலாவி விளையாட்டுகளுக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது. மேலும், பொதுக் கணினியியல் பட்டம் பெற்றவர் விளையாட்டுத் துறையிலும் நுழையலாம். விளையாட்டுப் பட்டம் பெற்றவரைப் பிற துறை நிறுவனங்கள் ஐயத்துடன் நோக்கக்கூடும்.

பிரித்தானியாவில் இயன் லிவிங்ஸ்டனும் அலெக்ஸ் ஹோப்பும் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய படிப்புகள் பல தொழில்துறையின் தேவைக்கு ஏற்றவையாக இல்லை எனக் குறை கூறியது. பள்ளிகளிலேயே கணினியியல் கற்பிக்கப்படவேண்டும் எனவும் பரிந்துரைத்தது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் கணிமைப் பாடம் நடைமுறைக்கு வந்தது.

தெரிவு

ஒரே பெயருடைய பட்டங்களுக்கிடையேயும் உள்ளடக்கம் பெரிதும் வேறுபடலாம். ஆகவே பட்டத்தின் பெயரைக் காட்டிலும், அதில் கணிதத்திற்கும் கணினியியல் அடிப்படைகளுக்கும் அளிக்கப்படும் இடமே மாணவர் கவனிக்கத்தக்கதாகும். பொதுப் பட்டம் பெற்றபின் முதுநிலையில் சிறப்புத்துறையைத் தெரிவு செய்வது மற்றொரு வழியாகும்.

இவற்றையும் பார்க்க

கணினியியல்
மென்பொருள் பொறியியல்
கணினி வரைகலை