92 டிகிரியில் கொதிக்கும் ஊர்

உதகமண்டலத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை சூடேறுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே பானை தளதளவென்று கொதித்துவிடும். குன்னூரில் ஏறத்தாழ 94. மேட்டுப்பாளையத்தில் சொன்னபடி கேட்கும் பருப்பு, மலையேறியதும் அடம்பிடிப்பது இதனால்தான். விறகைக் கூட்டி எரித்தாலும் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. காத்திருக்கத் தெரிந்தவரே இங்கே சமைக்க முடியும்.

உலகத்தின் மறுபக்கத்தில் இதே கணக்கில் கொதிக்கும் ஒரு பெருநகரம் உண்டு. மெக்சிகோ நகரத்தின் உயரமும் சுமார் 2,240 மீட்டர்தான். அதுவும் வெப்ப மண்டலத்துக்குள் அடங்கிய ஒரு மேட்டு நிலம். பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும், ராத்திரி குளிர் எலும்பைத் தொடும், கோடையில் மழை கொட்டும். நீலகிரியின் இரு நூற்றாண்டுச் சமையல் வரலாற்றைப் புரட்டும்போது இந்த ஒற்றுமை திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. பன்றி இறைச்சியை நாள் முழுக்க மெல்ல வேகவைத்து நார் நாராகப் பிய்த்தெடுக்கும் மெக்சிகோ சமையல் நீலகிரிக்கு ஏதோ அந்நியப் பண்டம் போலத் தோன்றலாம். அந்தச் சட்டிக்குள் போகும் பொருள்களின் வழியைத் தேடினால், அவற்றில் பெரும்பாலானவை எப்போதோ மலையேறி வந்து குடியமர்ந்தவை என்பது தெரியும்.

முதலில் பானை. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே மெல்ல வேகவைக்கும் பாத்திரங்கள் இந்த மலையில் உண்டு. அவற்றை வனைந்தவர்கள் கோத்தர் இனப் பெண்கள். கோத்தரில் ஆண்கள் இரும்பும் மரமும் பார்க்க, பெண்கள் களிமண் பிசைந்து பானை செய்தார்கள். தோடரின் எருமைப் பாலுக்கும் நெய்க்கும், படுகரின் சாமை ராகிக்கும், குறும்பர் கொண்டுவந்த தேனுக்கும் மாற்றாக இந்தப் பானைகளும் கத்திகளும் கோத்தரின் ஏழு ஊர்களிலிருந்து மலையெங்கும் போயின. மண்பானை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். குறைந்த கொதிநிலை உள்ள ஊரில் அவரைக்கொட்டையை உடையாமல் குழைய வைக்க இதைவிடத் தோதான பாத்திரம் இல்லை.

அடுப்பிலும் அப்படி ஒரு நுட்பம் தமிழ் வீடுகளில் இருந்தது. கொடியடுப்பு என்று பெயர். பெரிய மண் அடுப்புக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன வாய். அதற்குத் தனியாக விறகு கிடையாது. பெரிய அடுப்பில் எரியும் நெருப்பின் மீதச் சூடு உள்ளே ஒரு துளை வழியாக அந்த வாய்க்கு ஏறி வரும். பால் காய்ச்சவும், குழம்பைச் சுண்ட வைக்கவும், கறியைப் பதமாக அடக்கி வைக்கவும் அது போதும். பெரிய அடுப்பு அணைந்த பின்னும் கங்கின் வெப்பம் கொடியடுப்பில் வெகுநேரம் நிற்கும். கேஸ் அடுப்பு வந்ததும் முதலில் காணாமல் போனது இதுதான். அதோடு சேர்ந்து போனது, நெருப்பை வீணாக்காத ஒரு பெரிய கெட்டிக்காரத்தனம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலைக்கு வந்தார். கோத்தகிரியில் தங்கினார், பிறகு உதகையில் கல்வீடு கட்டினார். குளிர் நாட்டுக் காய்கறிகளை இங்கே பயிரிட்டுப் பார்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1848-ல் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மக்ஐவர் வந்து உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். இந்த இரு பெயர்களையும் நீலகிரி வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லும். அவர்கள் காலத்திலும் அதன் பின்னும் வந்திறங்கிய செடிகளில் எத்தனை மெக்சிகோவின் மலைநாட்டைச் சேர்ந்தவை என்பதை யாரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

பூங்காக்களில் அடுக்கடுக்காய்ப் பூக்கும் டேலியா மெக்சிகோவின் தேசிய மலர். காட்டிலாகா நட்ட பைன் மரங்களில் ஊசியிலைகள் கூந்தல்போலத் தொங்கும் பாடுலா வகையின் தாயகம் மெக்சிகோவின் மலைத்தொடர்கள். வீட்டுக்கொல்லைப் பந்தலில் படரும் சௌசௌ அங்கே பிறந்தது. பர்லியாரில் 1871-லும் கல்லாரில் 1900-லும் தொடங்கிய அரசுப் பழப்பண்ணைகளைச் சுற்றியுள்ள சரிவுகளில் காய்க்கும் பட்டர் ஃப்ரூட் அங்கத்திய ஆதிப் பழம். பீன்ஸின் மூதாதையரில் ஒரு கிளை அந்த மண்ணில்தான் பயிரானது. மிளகாயும் தக்காளியும் போர்ச்சுக்கீசியர் கப்பலேறி, கடற்கரை வழியாக ஊர் ஊராகப் பரவி, மலைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தன. நல்லது மட்டும் வந்தது என்றும் சொல்ல முடியாது. சோலை ஓரங்களையும் ஓடைக்கரைகளையும் வளைத்துப் போட்டிருக்கும் அஜெராட்டினா என்ற வெள்ளைப்பூக் களை மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைப் பயிர். ஆனால் அதைக் கருக்கும் பின் கருகல் நோயின் பிறப்பிடம் மெக்சிகோவின் டொலூகா பள்ளத்தாக்கு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்தியாவில் அந்த நோய் முதலில் தென்பட்டதும் நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே மாதிரிக் குளிர், ஒரே மாதிரி ஈரம். பயிருக்குப் பிடித்த இடம் நோய்க்கும் பிடித்துப் போயிற்று.

பன்றியின் கதை நேர் எதிரானது. இங்கே அது ஆதியிலிருந்தே உண்டு, மெக்சிகோவில் இல்லவே இல்லை. குறிஞ்சித் திணையின் தினைப்புனங்களைக் கிளறிய காட்டுப்பன்றியைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வேடர் குலத்துத் திண்ணனார், காட்டுப்பன்றியை வேட்டையாடி, இறைச்சியை அம்பில் கோத்துத் தீயில் பதமாகக் காய்ச்சி, வாயில் இட்டுச் சுவை பார்த்துத் தேர்ந்தெடுத்துக் காளத்தி நாதருக்குப் படைக்கிறார். இறைச்சியின் பதம் பார்ப்பதை இவ்வளவு அன்போடு சொல்லும் காட்சி வேறெங்கும் கிடைப்பது அரிது. இன்று காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், சட்டிக்கு வருவது பண்ணைப்பன்றி மட்டுமே.

மெக்சிகோவுக்குப் பன்றியைக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். கொலம்பஸ் 1493-ல் தம் இரண்டாம் பயணத்தில் கனேரித் தீவுகளிலிருந்து சில பன்றிகளைக் கரீபியன் தீவுகளுக்கு ஏற்றிச் சென்றார். அவை அங்கே பெருகின. 1521-ல் அஸ்டெக்குகளின் தலைநகர் வீழ்ந்ததும், கொர்த்தேஸ் கொயோவகானில் படைவீரர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். கியூபாவிலிருந்து கப்பலில் வந்த பன்றிகள் அதில் பரிமாறப்பட்டதை, அந்தப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாகரிகத்தின் அழிவின் மேல் நடந்த விருந்து அது. அதை மறந்துவிட்டு இந்த உணவின் வரலாற்றைச் சொல்லக் கூடாது.

அதன் பிறகு அந்த இறைச்சியைத் தமதாக்கிக் கொண்டவர்கள் உள்ளூர் மக்கள். யுகட்டானில் மண்ணைத் தோண்டி, கல்லைச் சூடாக்கி, வாழையிலையில் பொதிந்து புதைத்து வேகவைத்தார்கள். மிச்சோவகான் மலைநாட்டில் பெரிய செம்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பை உருக்கி, அதிலேயே இறைச்சியை மணிக்கணக்கில் வாட்டினார்கள். கார்னிடாஸ் என்பது இதுதான். அங்குள்ள கிரோகா ஊர் இன்றும் இதற்குப் பேர்போனது. பக்கத்தில் சாந்தா கிளாரா தெல் கோப்ரேயில் செம்புக் கொப்பரைகளைச் சம்மட்டியால் தட்டிச் செய்கிறார்கள். அவர்கள் சட்டியில் சேர்க்கும் ஆரஞ்சு, பட்டை, கொத்தமல்லி எல்லாம் கடல் கடந்து போனவை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் ஆசியப் பண்டங்களை மெக்சிகோவில் இறக்கின. இலங்கைப் பட்டையை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ இன்றும் முன்னணியில் நிற்கிறது.

நீலகிரிப் பங்களாக்களிலோ பன்றி இறைச்சிக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருந்தது. கடைத்தெருவில் திரியும் பன்றி எதைத் தின்று வளர்ந்ததோ என்ற பயத்தில், வெள்ளைக்காரர்கள் பட்டியில் அடைத்துத் தீனி போட்டு வளர்த்ததை மட்டுமே நம்பினார்கள். சமையலைப் பார்த்தவர்கள் தமிழ்ச் சமையல்காரர்கள். சென்னை மாகாணத்துப் படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், வைவர்ன் என்ற புனைபெயரில் 1878-ல் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அன்றைய துரைமார் வீட்டுச் சமையலறைகளை அறிய அது நல்ல ஆவணம். அதில் சமையல்காரர் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: ராமசாமி. ஓவன் இல்லாத இருட்டுச் சமையற்கட்டில், மூடிபோட்ட சட்டிக்குக் கீழேயும் மேலேயும் கங்கு பரப்பி, முழுத் தொடைக்கறியை ரோஸ்ட் செய்தவர்கள் இவர்கள். மூடிமேல் எத்தனை கங்கு, எந்த நேரத்தில் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு. மாகாணம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் செய்த இந்த வேலைக்கு வரலாறு கொடுத்தது ஒற்றைப் பெயர். சல்லிவனுக்கும் மக்ஐவருக்கும் ஆளுக்கொரு அத்தியாயம் தரும் நூல்கள் இந்த அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகின்றன.

மின்சார ஸ்லோ குக்கர் பிறந்தது சிகாகோவில். இர்விங் நாக்சன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர் 1936-ல் விண்ணப்பித்து 1940-ல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை மாலை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்த பானை, ஓய்வுநாள் முழுக்கத் தணியும் சூட்டில் வெந்துகொண்டிருந்ததை அவருடைய தாய் சொல்லக் கேட்டு உருவானது இது. கொடியடுப்பைக் கண்ட எவருக்கும் இந்தக் கதை உடனே புரியும். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் விற்றபோதுதான் அமெரிக்க வீடுகளில் பரவியது.

இந்தியா வேறு வழியில் போயிற்று. 1950-களின் இறுதியில் பிரஷர் குக்கர் உற்பத்தி இங்கே தொடங்கியது. மலைவாசிகளுக்கு அது வரப்பிரசாதம். விசில் வரும் நேரத்தில் உதகையிலும் உள்ளே 115 டிகிரியைத் தாண்டும், பருப்பின் பிடிவாதம் தீர்ந்தது. பன்றிக் கறியும் அதில் ஒரு மணிக்குள் வெந்துவிடும். ஆனால் பிய்த்து உண்ணும் கறிக்கு அவசரம் ஆகாது. தோள்பகுதியில் தசைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் மெல்ல மெல்ல இளகிக் கூழ்ப்பசையாக மாற வேண்டும். 90 டிகிரியை ஒட்டிய சூடே அதற்குப் போதும். நேரம் மட்டும் வேண்டும். அதாவது உதகையின் கொதிநிலை, பருப்புக்குப் பகையாக இருந்தாலும், இந்தக் கறிக்கு நட்பு.

குன்னூரில் ஒருவர் ஸ்லோ குக்கரில் செய்தால் இப்படி இருக்கும். கொழுப்போடு கூடிய இரண்டு கிலோ தோள்கறியைப் பெரிய துண்டுகளாக்கி, உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும் தடவ வேண்டும். விதை நீக்கி ஊறவைத்த வற்றல் மிளகாய், பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு ஆரஞ்சின் சாறு. தண்ணீர் தேவையில்லை, கறியே விட்டுக்கொள்ளும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். உதகை என்றால் ஒன்றிரண்டு மணி கூடுதலாக வைக்கலாம். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் தசை நீளவாக்கில் இழை பிரிய வேண்டும். பிரியாமல் கட்டியாக நின்றால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். பிய்த்ததை அகன்ற சட்டியில் பரப்பி, மேலே மிதந்த கொழுப்பை ஊற்றி ஓரங்கள் முறுகும் வரை வாட்டினால், கொப்பரையில் செய்ததன் மணம் ஓரளவுக்கு வந்துவிடும். துணைக்கு ராஜ்மா வைப்பவர்கள் அதை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்புரதம் மிதமான சூட்டில் அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

இந்தத் தட்டில் மலையேறாத ஒன்று மட்டும் உண்டு. மக்காச்சோளம் மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிரானது. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோலைக் கழுவி, அரைத்து மாவாக்குவது அந்நாட்டு வழக்கம். அப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டும், ரொட்டி தட்ட வரும், தானியத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்து உடம்பில் சேரும். சோளம் கடல் கடந்தபோது இந்த வித்தை அதன் கூடவே வரவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிந்த ஊரிலும் சோளத்துக்கு அதைச் சேர்க்கும் பழக்கம் ஏற்படவில்லை. ஆகவே நீலகிரியில் இந்தக் கறியைச் சப்பாத்தியிலோ பரோட்டாவிலோ சுருட்டித் தின்பதே எளிய வழி. பொறுமையுள்ளவர்கள் உலர்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்கு நீற்றிய சுண்ணாம்பு பத்து கிராம் அளவில் கரைத்து, வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அலசி அம்மியில் அரைத்துப் பார்க்கலாம்.