ஒரே கணினியில் பல பதிப்புகள்: கும்மிடிப்பூண்டி ஆலைகளை முன்வைத்து பி.எல்.சி. மென்பொருளின் வரலாறு

முன்னுரை

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வருகிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் உலைகள், கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலைகள், வார்ப்பகங்கள், ரசாயனத் தொழிற்சாலைகள் எனப் பலவும் அங்கே இயங்குகின்றன. காக்களூர் சிட்கோ பேட்டையும், மிஷ்லின் டயர் ஆலை அமைந்த தேர்வாய்கண்டிகை சிப்காட்டும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளன. இத்தகைய ஆலைகளில் மோட்டார் எப்போது ஓட வேண்டும், வால்வு எப்போது மூட வேண்டும் என்று கட்டளையிடுவது பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. அதற்கு நிரல் எழுதவும் பழுது பார்க்கவும் தனி மென்பொருள் வேண்டும். பராமரிப்புப் பொறியாளரின் லேப்டாப்பில் ஒரே நிறுவனத்தின் அந்த மென்பொருள் நான்கைந்து பதிப்புகளாக அருகருகே இருப்பது இத்தொழிலில் வழக்கம்.

இந்த வழக்கம் எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இயந்திரம் இருபது, முப்பது ஆண்டு உழைக்கிறது. மென்பொருளின் பதிப்போ ஓரிரு ஆண்டில் மாறிவிடுகிறது. பல பதிப்புகளை வைத்துக்கொள்ளும் தேவை இந்த இடைவெளியில் பிறந்தது. அவை தம்முள் எதைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே அந்த ஏற்பாடு பலித்தது அல்லது பொய்த்தது.

கருவியோடு பிணைந்த மென்பொருள்

1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்றாக நிரலால் மாற்றத்தக்க கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் கேட்டது. டிக் மார்லியின் குழு 1969இல் மோடிகான் 084ஐக் கொண்டுவந்தது. எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான ரிலே வரைபடத்தை ஒத்த ஏணி வடிவ நிரல்முறை இத்துறையில் நிலைபெற்றது. ‘லேடர்’ என்று இன்றும் அதைத்தான் சொல்கிறோம்.

சீமென்ஸின் எஸ்5 வரிசை 1979இல் வந்தது. அதற்கு நிரல் எழுத, பி.ஜி. எனப்படும் தனிக் கருவியை நிறுவனமே விற்றது. ஸ்டெப் 5 மென்பொருள் முதலில் சி.பி.எம். இயங்குதளத்திலும் பின்னர் டாஸிலும் ஓடியது. கருவி ஒன்று, மென்பொருள் ஒன்று என்றிருந்த அந்நாளில் பதிப்பு மோதலுக்கு இடமே இல்லை. பி.ஜி. கருவியின் விலையும், அது பழுதானால் வேலை முழுவதும் நின்றுபோவதுமே அன்றைய சிக்கல்கள்.

விண்டோஸ் தந்த வசதியும் வம்பும்

1990களின் நடுவில் சீமென்ஸின் எஸ்7 வரிசையும் ஸ்டெப் 7 மென்பொருளும் வந்தபோது நிரலிடும் வேலை சாதாரண விண்டோஸ் கணினிக்கு மாறியது. செலவு குறைந்தது, புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. விண்டோஸ் மென்பொருள்கள் டி.எல்.எல். எனப்படும் பொதுக் கோப்புகளை ஒரே அடைவில் வைத்துப் பகிர்ந்துகொண்டன. பின்னால் நிறுவிய மென்பொருள் அந்தக் கோப்பை மாற்றி எழுதினால், முன்பே இருந்த மென்பொருள் முடங்கும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரே கோப்பின் பல பதிப்புகளைத் தனித்தனியே காத்துவைக்க ஏற்பாடு செய்தது. 2002இல் வெளியான டாட்நெட் தொடக்கத்திலிருந்தே பதிப்புகள் அருகருகே வாழ வழிவைத்தது.

ஆனால் ஆலை மென்பொருள்கள் கோப்புகளை மட்டும் பகிரவில்லை. தகவல்தொடர்பு டிரைவர், லைசென்ஸ் நிர்வாகி, கேபிள் செருகும் போர்ட் ஆகியவற்றையும் பகிர்ந்தன. மற்றொரு உற்பத்தியாளரான ராக்வெல்லின் மென்பொருளில் நிரல் எழுதும் பகுதி பல பதிப்புகளாக இருக்கலாம், பி.எல்.சி.யோடு பேசும் ஆர்.எஸ்.லிங்க்ஸ் மட்டும் ஒன்றுதான். அதில் கோளாறு வந்தால் எல்லாப் பதிப்புகளும் ஒருசேர ஊமையாகிவிடும்.

மூன்று வகைப் பதிப்பு ஒழுங்குகள்

உற்பத்தியாளர்கள் இச்சிக்கலை ஒரே மாதிரி கையாளவில்லை. ஸ்டெப் 7இன் 5ஆம் வரிசை ஒரு விண்டோஸில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். 5.6ஐ நிறுவினால் 5.5 போய்விடும், ஆனால் பழைய நிரல்களைப் புதியது திறக்கும்.

சீமென்ஸே 2010இல் அறிமுகப்படுத்திய டி.ஐ.ஏ. போர்ட்டல் இதற்கு நேர்மாறு. அதன் பல பதிப்புகள் ஒரே கணினியில் சேர்ந்திருக்கலாம். நிரல்கோப்பின் பயணமோ ஒருவழிப் பயணம். 15ஆம் பதிப்பில் எழுதியதை 17இல் திறந்து மேம்படுத்திவிட்டால், அந்தக் கோப்பு மறுபடி 15இல் திறக்காது. 11, 12ஆம் பதிப்புகளில் எழுதியவை 13ஐக் கடந்துதான் அதற்கு மேலே ஏற முடியும். 13ஆம் பதிப்பைப் பொறியாளர் அழிக்கத் தயங்குவது இதனால்தான்.

ராக்வெல்லின் ஒழுங்கு இன்னும் கறாரானது. கன்ட்ரோல்லாஜிக்ஸ் கருவிக்குள் இருக்கும் ஃபர்ம்வேரின் முதன்மை எண்ணும் மென்பொருளின் எண்ணும் பொருந்தியாக வேண்டும். ஆர்.எஸ்.லாஜிக்ஸ் 5000 என்ற பெயர் 20ஆம் பதிப்போடு முடிந்து, 21 முதல் ஸ்டுடியோ 5000 ஆயிற்று. 16, 20, 24 எனக் கருவிகள் கலந்திருக்கும் ஆலையில் மூன்று பதிப்புகளும் கட்டாயம் தேவை.

கணினிக்குள் கணினி

பகிர்வே சிக்கல் என்றால், பகிராமல் இருப்பதே தீர்வு. ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினிகளில் மெய்நிகர் கணினிகளை ஓட்டியிருந்தது. 1999இல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் அந்த வித்தையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதற்குரிய விண்டோஸோடு ஒரு மெய்நிகர் கணினி. எக்ஸ்பி ஒன்றில், விண்டோஸ் 7 இன்னொன்றில். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியிலும் நின்ற பிறகு இம்முறையின் தேவை கூடியது. 2024 நவம்பரில் ஒர்க்ஸ்டேஷன் அனைவருக்கும் இலவசமானதால் சிறு ஆலைகளுக்கும் இது எட்டும்.

இதற்கும் எல்லை உண்டு. எஸ்5 கருவிகள் 20 மில்லி ஆம்பியர் மின்சுற்று வழியே பேசுபவை. டாஸ் மென்பொருள் சீரியல் போர்ட்டை நேரடியாகத் தொட எதிர்பார்க்கும். யூ.எஸ்.பி. மாற்றியும் மெய்நிகர் கணினியும் நடுவே வந்தால் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும். எஸ்5 இன்னும் ஓடும் ஆலைகள் உண்மையான சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்றைப் பத்திரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஸ்டெப் 7 பி.எல்.சி.யோடு பேசப் பயன்படுத்தும் டி.எல்.எல். கோப்பையே மாற்றிவைத்து ஏமாற்றியது. அது அதிகம் பரவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆதரவு நின்ற விண்டோஸை மெய்நிகர் கணினிக்குள் வைத்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுவதே முறை.

ஆலைத் தளத்தில்

எஸ்7-300 பொருத்திய, இருபது ஆண்டு ஓடிய உருட்டாலை ஒன்று நள்ளிரவு ஷிப்டில் நின்றுவிட்டதாகக் கொள்வோம். நிரலின் பேக்கப் இல்லை. பொறியாளர் பி.எல்.சி.யிலிருந்து நிரலை அப்லோடு செய்கிறார். நிரல் வருகிறது, அதை எழுதியவர் இட்ட பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் வருவதில்லை, ஏனென்றால் அவை அந்த வரிசையின் கருவிக்குள் ஏறுவதே இல்லை. ‘குளிர்நீர் அழுத்தம் குறைவு’ என்று எழுதியிருந்த இடத்தில் ஐ 10.3 என்ற முகவரி மட்டும் நிற்கிறது. அது எந்த சென்சார் என்று அறிய ஒயரைப் பிடித்துக்கொண்டு பேனலுக்கும் இயந்திரத்துக்குமாக நடக்க வேண்டும். அதுவரை உற்பத்தி இல்லை. எஸ்7-1500இலும் 21ஆம் பதிப்பு முதலான கன்ட்ரோல்லாஜிக்ஸிலும் குறிப்புகள் கருவிக்குள்ளேயே தங்குகின்றன. பழையவற்றுக்கு மூலக்கோப்பும், அதைத் திறக்கும் பதிப்பும் கையில் இருந்தால்தான் வழி.

முடிவுரை

பி.ஜி. கருவி மென்பொருளைத் தன்னோடு பிணைத்தது. விண்டோஸ் அந்தப் பிணைப்பை அவிழ்த்துப் பகிர்வைப் புகுத்தியது. மெய்நிகர் கணினி பகிர்வைப் பெருமளவு நீக்கியது. ஆயினும் பல ஆலைகளில் இந்தப் பதிப்புகளெல்லாம் ஒருவருடைய லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அவர் வேலை மாறினால் ஆலையின் நினைவும் கூடவே போய்விடுகிறது.

நிரலின் மூலக்கோப்பு ஆலையின் சொத்து. இயந்திரம் வாங்கும்போதே அதைக் கேட்டுப் பெற வேண்டும்; மென்பொருளின் பதிப்பு எண், ஃபர்ம்வேர் எண், விண்டோஸ் எண் மூன்றையும் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்ட வேண்டும்; மெய்நிகர் கணினியின் நகல் ஆலையின் பொறுப்பில் இருக்க வேண்டும். தனியாகச் செய்ய இயலாத சிறு ஆலைகளுக்காகத் தொழிற்பேட்டைச் சங்கங்களும் அருகிலுள்ள ஐ.டி.ஐ.களும் சேர்ந்து பொதுக் காப்பகம் ஒன்றை நடத்தலாம். புதிய இயந்திரங்களை வரவேற்பதற்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைப் பழையவற்றின் நிரலைக் காப்பதற்கும் திருவள்ளூர் மாவட்டம் காட்ட வேண்டும்.