கண்டி நாட்டிற் குழந்தைத் துணி

உடையின் வரலாற்றை ஆராய்வோர் அரசர் தரித்த பட்டையும், பிரதானிகள் பெரகராவில் இடையிற் சுற்றிய பல முழ வெண்டுகிலையும், மணமகளின் கூறையையும் விரித்துரைப்பர். பிறந்த குழந்தையை முதன்முதற் சுற்றிய துணி எதுவென வினாவுவார் அரியர். அத்துணி கிழியும்வரை உழைத்துப் பின்னர் அடுப்படிக்குச் சென்றுவிடுவதால் எந்த நூதனசாலையிலும் அதற்கு இடமில்லை. ஆயினும், குழந்தைக்கு ஏற்றது பஞ்சா, செயற்கை இழையா என்னும் வினா இன்று கண்டி நகரத்துத் துணிக்கடைகளிலே நாள்தோறும் எழுகின்றது. அதற்கு விடை காண்பதற்கு இழையின் குணத்தை மட்டும் அறிந்தாற் போதாது. அத்துணி வீட்டுக்குள் எவ்வழியால் வந்து சேர்ந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

கண்டி இராச்சியத்து வாழ்க்கையை நேரிற் கண்டு எழுதிய அந்நியருள் முதன்மையானவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரப் பகுதியிற் சிறைப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற இவர், தம் நூலை 1681இல் இலண்டன் மாநகரில் வெளியிட்டார். தாமே தொப்பி பின்னி விற்றுச் சீவனம் நடத்தியவராதலின், நூலையும் துணியையும் பற்றி அவர் கூறுவன கைத்தொழில் அறிந்தவரின் கூற்றாகும். நாட்டிலுள்ள குலங்களை வரிசைப்படுத்துமிடத்து நெசவாளரைப் பற்றி அவர் தரும் செய்தி வியப்புக்குரியது. அவர்கள் துணி நெய்வதோடு அமையாது சோதிடமும் பார்த்தனர். நல்ல நாள் கூறினர். குழந்தை பிறந்தவிடத்து நாளும் நேரமும் கோளும் குறித்து எழுதிக் கொடுத்தனர். கோயில்களிற் பறையடித்து ஆடினர். அக்காலத்துக் கண்டிக் குழந்தையின் சாதக ஓலையும், அது கிடந்த துணியும் பெரும்பாலும் ஒரே குலத்தார் கைப்பட்டு வந்தன எனலாம்.

பஞ்சு தும்பறை முதலிய பகுதிகளிலே சேனைப் பயிராக விளைந்தது. பெண்கள் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, நூலாக நூற்றனர். நெசவாளர் அதனைத் தறியில் இட்டனர். மெல்லிய துகில் வேண்டியோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணியை நாடினர். யார் எவ்வளவு நீளம் உடுக்கலாம் என்பதையுங் குலமே வரையறுத்தது. தாழ்ந்தோர் எனப்பட்டவர் முழங்காலுக்குக் கீழே துணியைத் தொங்கவிடலாகாது. இவ்வரையறைகளெல்லாம் வளர்ந்தோர்க்கே உரியன. குழந்தைக்குக் கிடைத்தது வளர்ந்தோர் உடுத்துக் கழித்த துணி.

இதனை வறுமையின் அடையாளமாக மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. கோடித் துணி கஞ்சியால் விறைத்திருக்கும். பலமுறை கல்லில் அடித்துத் துவைத்த சேலையிற் கஞ்சி நீங்கிவிடும். நிலையாத சாயம் கழன்றுவிடும். நூலின் முறுக்கும் தளர்ந்து துணி குழைந்துவிடும். பேரனுக்கென்று பாட்டி தன் பழஞ்சேலையை நான்காகக் கிழித்து மடித்து வைத்தமைக்குக் காரணம் இதுவே. சிங்களவர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது. சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர் இவ்வொன்றில் உடன்பட்டமை, அனுபவம் அனைவர்க்கும் ஒன்றையே கற்பித்தமையாலாகும்.

அவ்வனுபவத்தை இன்றைய இழையியல் அளந்து காட்டுகின்றது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலே பஞ்சு தன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பங்கு நீராவியைத் தன் இழைக்குள் ஏற்கும். கம்பளி 16 பங்குவரை ஏற்கும். நைலோன் 4 பங்கு. பொலியெஸ்டரோ அரைப் பங்கையும் எட்டுவதில்லை. கண்டி நகரம் கடன்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலை சூழ்ந்த பள்ளத்தில், மகாவலி வளைந்தோடும் ஈரத்தில் அமைந்தது. நண்பகலில் வியர்க்கும், தை மாசி விடியலிற் பனிக்கும். குழந்தையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தேங்கும் வியர்வையை வாங்கிக்கொள்ளாத துணி, அங்கே வேர்க்குருவை வளர்க்கும். ஆனாற் பஞ்சுக்கும் ஒரு குறையுண்டு. முற்றாக நனைந்துவிட்டால் அது எளிதிற் காயாது. உடற்சூட்டைக் களவாடிக்கொண்டு குளிர்ந்து கிடக்கும். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு சூடு காக்கும். கண்டியிலிருந்து மலையேறிச் செல்லுந்தோறும் இக்குறை பெரிதாகும்.

1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் பெருந்தெரு வந்தது; 1867இற் புகையிரதம் வந்தது; அவற்றின் வழியே மான்செஸ்டர் ஆலைத்துணி மலிவாக மலைநாட்டில் இறங்கிற்று. உள்ளூர்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, கல்லைத் தேடிச் சென்ற கிராமங்களிலே கலையைக் கண்டார். உடதும்பறையைச் சேர்ந்த தலகுனைக் கிராமத்தில் எஞ்சியிருந்த நெசவை அவர் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் பதிவு செய்துள்ளது. மேனாட்டு உடையை இரவல் வாங்கும் மயக்கத்தைக் கண்டித்து 1905இல் அவர் எழுதிய சிறுநூல் கண்டியிலேயே அச்சாயிற்று. அவருடன் கிராமங்களைச் சுற்றிப் படம் பிடித்த மனைவி எதல், பின்னர் இங்கிலாந்து சென்று அந்நாட்டின் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளராகவும், தாவரச் சாயம் பற்றிய நூலாசிரியராகவும் விளங்கினார். தலகுனைத் தறியின் ஓசை அங்கும் ஒலித்தது போலும்!

குமாரசுவாமியின் துயரம் நியாயமானதே. 1927 நவம்பரிலே காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கை வந்து கண்டியிற் பேசியபோது கேட்டோர் நெஞ்சில் எழுந்ததும் அதன் இனமான உணர்ச்சியே. எனினும் ஓர் உண்மையைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஆலைத்துணியால் நட்டமடைந்தவன் நெசவாளன். குழந்தையின் தோலுக்கு அதனால் நட்டமில்லை. மான்செஸ்டர் துணியும் பஞ்சே. அதுவும் நைந்து, பழஞ்சேலையாகித் தொட்டிலுக்கு வந்தது. தேசியம் பேசியோர் கண்ட பெருமாற்றம் குழந்தையளவிற் சிறுமாற்றமாகவே இருந்தது. குழந்தையளவிற் பெருமாற்றம் விளைத்தது பின்னர் வந்தது. அதைக் குறித்து எவரும் கூட்டம் கூட்டவில்லை.

அதனைக் கூறுமுன் தோட்டங்களை நோக்குதல் தகும். 1824இற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிற் கோப்பித் தோட்டம் தோன்றியது. 1867இல் லூல்கந்துறையிலே தேயிலை நடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்து வந்தோர் உடுத்து வந்தது வெப்ப நாட்டுப் பருத்தி ஆடை. மலைக்குளிருக்கு அது போதாதாகையால் தோட்டத்திற் கம்பளி கொடுக்கப்பட்டது. அதன் விலை பெரும்பாலும் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அக்கம்பளியே பகலில் மழைக்குத் தலைப்போர்வை, இரவிற் குடும்பத்துக்கெல்லாம் படுக்கை. முரட்டு மயிர் பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தும் என்பதைத் தாய்மார் அறிந்திருந்தனர். ஆதலாற் பழஞ்சேலைத் துண்டு உள்ளும் கம்பளி புறமுமாகக் குழந்தையைச் சுற்றினர். இயற்கை இழை என்றவுடன் எல்லாம் மென்மை என்று எண்ணுவார்க்கு இக்கம்பளி தக்க மறுமொழி.

பிள்ளைமடுவத்திற் கட்டிய தொட்டிலும் சேலையே. தாய் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் குழந்தை அவள் சேலை மடிப்பிற் கிடந்தது. ஒரு சேலை முதலில் உடை, பின்பு தொட்டில், பின்பு இடுப்புத்துணி, இறுதியிற் கைப்பிடித்துணி எனப் பல பிறவி எடுத்தது. குழந்தைக்கெனத் தனியே காசு செலவிட்டுத் துணி வாங்க வேண்டிய நிலை அரிதாகவே ஏற்பட்டது.

இடைக்காலத்தே நகரத்துக் கடைகளிற் பிளானல் வந்தது. அப்பெயராற் குழந்தைகளுக்கு விற்கப்பட்டதிற் பெரும்பகுதி கம்பளியன்று. பஞ்சுத் துணியின் மேற்புறத்தைச் சுரண்டி மயிரெழுப்பியது. மென்மையும் சூடும் உடையதாயினும் அம்மயிரிலே தீ மிக விரைவிற் பரவும். இங்கிலாந்தில் இத்துணி உடுத்த பல பிள்ளைகள் அடுப்புத் தீயில் இறந்தமையால், செயற்கைச் சாயம் கண்ட பேர்க்கினின் மகனான வேதியியலறிஞர் தீப்பற்றாப் பிளானல் செய்ய முயன்றார். விறகடுப்புக்கு அருகிலேயே குழந்தை உறங்கும் லயன் அறைக்கு இச்செய்தி அயலானதன்று.

இனி அப்பெருமாற்றம். 1935இல் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்திற் கறோதேர்ஸ் என்பாரின் குழுவினர் நைலோனைக் கண்டனர். 1938இல் உலகம் அதனை அறிந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையைக் கண்டனர். டெரிலீன் எனப் பெயர் பெற்றது அதுவே. அவ்விருவரும் பணியாற்றிய நிறுவனம் யாதெனின், மான்செஸ்டரின் பருத்தித்துணி அச்சடிப்போர் சங்கம்! கண்டித் தறியை ஓயவைத்த அதே நகரம், தன் பருத்திக்குப் பகையையும் தன் மடியிலேயே வளர்த்துக்கொண்டது.

1960ஆம், 1970ஆம் ஆண்டுகளில் நைலெக்ஸ் சேலை கண்டிக் கடைகளிலும் தோட்டங்களிலும் விரும்பப்பட்டது. அவ்விருப்பத்தை நாகரிக மோகம் எனச் சிலர் இகழ்வர். அஃது அநீதி. நாள் முழுதும் மழையில் நனையும் பெண்ணுக்கு, பிழிந்து உதறினால் இரவுக்குள் உலரும் சேலை பெரும்பேறு. அதற்குக் கஞ்சி வேண்டா, மடிப்பு வேண்டா, ஆண்டுகள் பல கிழியாது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் செயற்கைத் துணி இன்னும் மலிந்தது; அதனோடு போட்டியிட இயலாது கைத்தறிகள் பல நின்றன.

இங்கேதான் எவரும் எதிர்பாராத விளைவு உண்டாயிற்று. தாய் தனக்கெனச் செயற்கைச் சேலையைத் தெரிந்தபோது, குழந்தைக்கும் அறியாமலே தெரிந்துவிட்டாள். ஏனெனின் குழந்தையின் துணி, தாயின் பெட்டியிலிருந்து வருவது. பஞ்சுச் சேலை குறையக் குறையப் பழம் பஞ்சுத்துணியும் வீட்டிற் குறைந்தது. நைலெக்ஸ் சேலையோ எத்தனை ஆண்டு துவைத்தாலும் பஞ்சைப்போலக் குழைவதில்லை. பழையதானாலும் வியர்வையை வாங்குவதில்லை. தொட்டில் கட்டினால் முடிச்சு வழுக்கும். ஆகவே முன்னர்க் காசின்றிக் கிடைத்த மெல்லிய பஞ்சுத்துணி, இப்பொழுது கடையில் விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருளாயிற்று. வாங்க இயன்றோர் வாங்கினர். இயலாதோர் குழந்தைக்கு, மலிவாகக் கிடைத்த பளபளப்பான சட்டையே உடையாயிற்று. ஒரு காலத்திற் பஞ்சு ஏழையின் துணி. இன்று தூய பஞ்சுக் குழந்தையுடை வசதியுள்ளோர் துணியாகி வருகின்றது.

செயற்கை இழையின் பக்கத்து வழக்கையும் கேட்டல் முறை. மழைக்காலத்திற் பத்து இடுப்புத்துணியை அடுப்புப் புகையிற் காயவைக்கும் தாய்க்கு, பஞ்சின் பெருமையை உரைப்பது எளிது. துணியைக் காயவைத்துக் கொடுப்பது அரிது. ஈரம் முழுதும் போகாத பஞ்சு, காய்ந்த செயற்கைத் துணியிலும் தீங்கானது. வெளிப்போர்வையாகவும் மேற்சட்டையாகவும் செயற்கை இழை உதவும்; தோலைத் தொடும் உட்டுணி மட்டும் பஞ்சாயிருந்தால் வேர்க்குருவின் தொல்லை பெரிதுங் குறையும். தோட்டத் தாய்மார் கம்பளிக்குள் பழஞ்சேலை வைத்த அதே முறைதான் இது.

தீயைக் குறித்தும் ஒரு சொல். பஞ்சு சுடர்விட்டு எரியும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுகளிற் பிள்ளைகளின் இரவுடை எளிதிற் தீப்பற்றலாகாதெனச் சட்டம் வந்தபோது, உற்பத்தியாளர் பொலியெஸ்டருக்கு மாறி, அதில் டிறிஸ் என்னும் இரசாயனத்தை ஏற்றினர். அது மரபணுவைச் சிதைக்கவல்லதெனக் காணப்பட்டமையால் 1977இல் அத்தகைய உடைகள் தடைசெய்யப்பட்டன. தீக்கு அஞ்சி நஞ்சை உடுத்திய கதை இது. அடுப்பைக் குழந்தை உறங்குமிடத்திலிருந்து விலக்கிச் சுவர் எழுப்புதல், எந்த இழையிலும் மேலான காப்பு.

1992இல் தொடங்கிய 200 ஆடைத்தொழிற்சாலைத் திட்டத்தின்பின் கிராமங்களிலும் தையல் இயந்திரங்கள் ஓடலாயின. வெளிநாட்டுத் துணியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த பெண்கள், துணியின் பெயர்ச்சீட்டைப் படிக்கக் கற்றனர். சீட்டில்லாத துணிக்குத் தையற்காரர் கையாளும் பழைய முறை ஒன்றுண்டு. ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்ப்பர். கடதாசி எரியும் மணம் வந்து, சாம்பல் விரலிற் பொடியாக உதிர்ந்தால் அது பஞ்சு. உருகிச் சுருண்டு, ஆறியபின் சிறு மணிபோல் இறுகிக் கைக்குத் தட்டுப்பட்டால் அது செயற்கை இழை. றேயோன் மட்டும் இச்சோதனையில் ஏமாற்றும். மரக்கூழிலிருந்து செய்யப்படுவதாதலின் அதுவும் பஞ்சைப்போலவே எரியும். அதனை நனைத்து இழுத்தால், ஈரத்திற் பஞ்சுக்குள்ள வலிமை அதற்கில்லாமை தெரிந்துவிடும்.