தோல் ஊறும் குழியும் எலும்பு கரையும் குழியும்

மாதவரத்தின் தொழிற்கூடங்களிலும், சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகளிலும் புழங்கிய பண்டம், அடிப்படையில் கொலாஜன் என்ற இழைப்புரதமே ஆகும். சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழன்ற தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் போட்டு, பின்னர் கடுக்காய் நீரில் நனைத்தெடுப்பது தென்னிந்தியப் பதனிடுதலின் பழைய முறை. பட்டையின் துவர்ப்பொருள் கொலாஜன் இழைகளை இறுகப் பிணைப்பதால், நுண்ணுயிர்களின் நொதிகள், அதாவது உயிர்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள், அவற்றை அறுக்க முடியாமல் போகின்றன; தோல் அழுகாமல் நிலைக்கிறது.

எலும்பின் உள்ளும் இதே இழைதான் ஓடுகிறது. கோழியெலும்பு ஒன்றைச் சில நாள் காடியில் ஊறவிட்டால், கால்சியம் பாஸ்பேட் உப்பு கரைந்துபோய், எஞ்சிய எலும்பு ரப்பரைப் போல வளைவதைக் கையிலேயே உணரலாம். வளைவது கொலாஜன், கரைந்தது அதன்மேல் படிந்திருந்த தாது.

இந்த இழையின் அமைப்பு சென்னையிலேயே வெளிப்பட்டது என்பது தமிழ்நாட்டின் அறிவியல் வரலாற்றில் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே இருந்ததால் அங்கிருந்து கொலாஜன் மாதிரிகளைப் பெற்றார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காருவின் வால் தசைநாணையும் ஊடுகதிரால் ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-லும் 1955-லும் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்த முப்புரி வடிவத்தில், மூன்று புரதச் சங்கிலிகள் கயிறாக முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்தை வைத்திருக்கின்றன. அதன் நுணுக்கங்களைப் பிறர் பின்னர் திருத்தினாலும், முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது.

முறுக்கு அத்தனை இறுக்கமாக இருப்பதால் சாதாரணச் செரிமான நொதிகளால் அந்தக் கயிற்றை வெட்ட முடியாது. ஆனால் அதை வெட்டும் வழி உடலுக்குள்ளேயே உண்டு. கோலிக்கர் என்ற அறிவியலாளர் 1873-இல் ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயரிட்ட எலும்பு கரைக்கும் செல், எலும்பின்மேல் ஒட்டி விளிம்பை அடைத்துக்கொண்டு, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் துணையால் உண்டாகும் அமிலத்தை உள்ளே பொழிந்து முதலில் தாதுவைக் கரைக்கிறது. பிறகு, அமிலத்திலும் செயல்படும் கேத்தெப்சின் கே என்ற நொதி, வெளிப்பட்ட முப்புரிக் கயிற்றைப் பல இடங்களில் துண்டிக்கிறது. எலும்பில் சிறு குழி விழுகிறது. அதைப் புது எலும்பு நிரப்புகிறது.

கேத்தெப்சின் கே மரபணுவின் பழுதே பிக்னோடிசோஸ்டோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணம் என்பது 1996-இல் உறுதியானது. பழைய எலும்பு நீங்காமல் தங்குவதால் இந்நோயாளிகளின் எலும்புகள் அடர்த்தி மிகுந்திருந்தும் எளிதில் முறிகின்றன.