முனைவர் பட்ட ஆய்வின் கால வரம்பும் விடுப்பும்

முனைவர் பட்ட ஆய்வுக் கால வரம்பு என்பது, பதிவு செய்த நாளிலிருந்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் வரை ஓர் ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் அளிக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் காலத்தைக் குறிக்கும். இந்தியாவில் இதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஒழுங்குமுறைகள் தீர்மானிக்கின்றன. நாடு முழுவதற்குமான இந்த விதிகள் வயதில் இளையவை. பெண் ஆய்வாளருக்கான மகப்பேறு விடுப்பு ஒழுங்குமுறையில் இடம்பெற்றது 2016இல்தான்.

திருவண்ணாமலை போன்ற ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகத் தெரியும். இங்குள்ள கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. அது முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபின் அதனுடன் இணைக்கப்பட்டது. ஆய்வாளர் படிப்பது திருவண்ணாமலையில் என்றாலும் அவரது பதிவும் கோப்பும் இருப்பது வேலூரை அடுத்த சேர்க்காட்டில். வேலூர் மட்டுமே 80 கி.மீ.க்கு மேல், சேர்க்காடு அதையும் தாண்டி, காட்பாடி வழியில் இருக்கிறது. கால நீட்டிப்பு விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து குறைந்தால் ஒரு நாள் போய்விடும். கிரிவல நாளாக இருந்தால் திரும்பும் பேருந்தில் இடம் கிடைப்பதும் அரிது.

பட்டம் வந்த வழி

ஆராய்ச்சிக்கென ஒரு பட்டம் என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டு செருமானியப் பல்கலைக்கழகங்களில் வேர் பிடித்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதல் முனைவர் பட்டங்களை வழங்கியது. ஆக்சுபோர்டும் கேம்பிரிட்சும் இதை ஏற்றுக்கொண்டது முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில்தான். பிரித்தானிய முறையைப் பின்பற்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இப்பட்டம் அதன் பின்னரே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அங்கு தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதலாமவர் மு. வரதராசனார், ஆண்டு 1948. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றியது அவரது ஆய்வு. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் பிறந்தவர் அவர். திருவண்ணாமலையும் 1989 வரை அதே மாவட்டத்தில்தான் இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே அவர் ஆய்வை முடித்தார்.

வேலையில் இருந்துகொண்டே ஆய்வு என்ற இந்த அமைப்பு தமிழ்நாட்டில் இன்றுவரை தொடர்கிறது. பள்ளி ஆசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், அரசு ஊழியர்கள் எனப் பகுதிநேர ஆய்வாளர்கள் பலர். அவர்களுக்குக் காலம் என்பது மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும்தான்.

2009, 2016, 2022

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மானியக் குழு, நீண்ட காலம் ஆய்வின் கால அளவை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே விட்டிருந்தது. 2009 சூலையில் அரசிதழில் வந்த ஒழுங்குமுறை, நுழைவுத் தேர்வையும் பாடநெறிப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. தரத்தைப் பற்றிய கவலையே அதில் மேலோங்கியிருந்தது.

2016 சூலையில் வந்த ஒழுங்குமுறை காலத்தைக் கையில் எடுத்தது. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்றது. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் மேலும் 2 ஆண்டு தளர்வு தந்தது. முழு ஆய்வுக் காலத்தில் ஒருமுறை, 240 நாட்கள் வரை, மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ வழங்கலாம் என்றது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் ஊர் மாறினால், சில நிபந்தனைகளுடன் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லவும் இடமளித்தது. திருமணமாகி வெளியூர் போனதும் ஆய்வு பாதியில் நின்றுபோவதை நெறியாளர்கள் பலர் கண்டிருப்பார்கள். அந்த ஒரு விதி அதற்கான பதில்.

2022 நவம்பர் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஒழுங்குமுறை 6 ஆண்டு வரம்பை அப்படியே வைத்தது. அதன்பின் மறுபதிவு செய்து 2 ஆண்டு பெறலாம். மொத்தம் 8 ஆண்டைத் தாண்டக்கூடாது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு. மொத்தம் 10 ஆண்டு. 240 நாள் விடுப்பு நீடித்தது. ஆனால் "ஒருமுறை" என்ற சொல் நீங்கி, முழுக் காலத்துக்கும் சேர்த்து 240 நாள் என்றானது. இரண்டு முறை பிரித்து எடுக்க நேர்பவருக்கு இது சிறிய மாற்றம் அல்ல.

இந்த இரண்டு ஒழுங்குமுறைகளிலும் விடுப்பு "வழங்கப்படலாம்" என்றே இருக்கிறது. வழங்கப்பட வேண்டும் என்று இல்லை. அதனால் 2021 டிசம்பர் 14 அன்று மானியக் குழு துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆய்வு மாணவியருக்கு மகப்பேறு விடுப்பு அளிக்க உரிய விதிகளை வகுக்குமாறும், இளநிலை, முதுநிலை மாணவியருக்கு வருகைப் பதிவில் தளர்வு தருமாறும் அது கேட்டுக்கொண்டது.

ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கணக்கு

கால வரம்பைத் தளர்த்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இவ்விதிகளின் அடியில் இருக்கிறது. அது பாதி உண்மை. பதிவின் காலம் ஒன்று. உதவித்தொகையின் காலம் வேறொன்று. மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2 ஆண்டும், அதைத் தொடரும் முதுநிலை உதவித்தொகை 3 ஆண்டுமாக மொத்தம் 5 ஆண்டுடன் முடிகிறது. 2023 சனவரி 1 முதல் இவை மாதம் 37,000 ரூபாயாகவும் 42,000 ரூபாயாகவும் உயர்ந்தன. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய் வீதம் 3 ஆண்டு. அதாவது ஆய்வு முடியக்கூடிய மிகக் குறைந்த காலத்துக்கு மட்டும். 6ஆம் ஆண்டு முதல் 10ஆம் ஆண்டு வரை பதிவு உயிரோடு இருக்கும், பணம் இருக்காது.

கொரோனா காலத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நூலகங்களும் ஆய்வகங்களும் மூடிக் கிடந்ததால், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடுவை மானியக் குழு 2020இலிருந்து ஆறாறு மாதமாகத் தள்ளிவைத்து, கடைசியில் 2022 சூன் 30 வரை நீட்டித்தது. ஆனால் உதவித்தொகைக் காலம் 5 ஆண்டு மட்டுமே என்பதில் மாற்றமில்லை என்றும் அதே அறிவிப்புகள் சொல்லின.

விடுப்பிலும் இதே நிலைதான். மானியக் குழுவின் உதவித்தொகை பெறுபவர் பொது விடுமுறை தவிர ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு எடுக்கலாம். கோடை விடுமுறை அவருக்குக் கிடையாது. மகப்பேறு விடுப்பில் அவருக்கு முழு உதவித்தொகை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் எந்த உதவித்தொகையும் இல்லாமல் படிப்பவருக்கு 240 நாள் விடுப்பு என்பது வெறும் அனுமதி.

ஒரே துறையின் இரு மேசைகளைப் பார்த்தால் வேறுபாடு புரியும். அரசுக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியையாக இருப்பவர் மாநில அரசு ஊழியர். அவரது மகப்பேறு விடுப்பு 2011இல் 6 மாதம், 2016இல் 9 மாதம், 2021 சூலை 1 முதல் 12 மாதம் என உயர்ந்தது, முழுச் சம்பளத்துடன். அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஊழியர் அல்லர். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தின் 26 வாரம் அவரை எட்டாது.

பணியில் இருப்பவருக்கும் விடுப்பில் ஒரு விலை உண்டு. ஆசிரியர் நியமனத் தகுதிகள் குறித்த 2018 ஒழுங்குமுறையின்படி, எந்த விடுப்பும் எடுக்காமல் கற்பித்துக்கொண்டே ஆய்வு செய்த காலம் மட்டுமே கற்பித்தல் அனுபவமாகக் கணக்கிடப்படும். ஆய்வுக்காக விடுப்பு எடுத்தால் அந்த ஆண்டுகள் அனுபவத்திலிருந்து கழிந்துவிடும். ஆய்வை ஒழுங்காகச் செய்யும் எண்ணமுள்ளவரையே இவ்விதி தண்டிக்கிறது எனலாம்.

எத்தனை ஆண்டு போதும்?

வரம்பே வேண்டாம் என்பதற்கும் இடமில்லை. ஒரு நெறியாளர் வழிநடத்தக்கூடிய ஆய்வாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால், முடிக்காத ஒருவர் இன்னொருவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் துறைக்குத் துறை வேலையின் அளவு மாறும். அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம். பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்த அவற்றின் தொகுப்பு, 1990இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் வெளிவந்தது. நிறுவன ஆதரவும் முதிர்ந்த கல்வெட்டறிஞரும் தேவைப்பட்ட பணி அது. அத்தகைய மூலத்தைத் தொடும் மாணவர் முதலில் எழுத்தைப் படிக்கக் கற்க வேண்டும், பிறகு மைப்படிகளைத் தேடிப் போக வேண்டும். பாடநெறியும் பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அளிக்க வேண்டிய அறிக்கையும் போக, 3 ஆண்டில் எழுதத் தொடங்கினாலே பெரிது.

புதிய ஒழுங்குமுறை பழைய பதிவுகளைத் தொடவில்லை. 2022 நவம்பர் 7க்கு முன் சேர்ந்தவர்கள் 2009 அல்லது 2016 விதிகளின் கீழேயே தொடர்கிறார்கள். ஆகவே அதே ஆண்டு அக்டோபரில் பதிந்தவரும் டிசம்பரில் பதிந்தவரும் ஒரே நெறியாளரிடம் ஒரே அறையில் அமர்ந்திருந்தாலும், மறுபதிவு, விடுப்பு, கடைசி நாள் ஆகியவற்றை வெவ்வேறு விதிகளின்படி கணக்கிட வேண்டியவர்கள்.